ஞாயிற்றுக்கிழமைக் காற்று

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் செய்தி வந்தது. திருநெல்வேலிச் சந்தை கலைந்துகொண்டிருந்த நேரம். நான் வாடகைக்கு இருக்கும் அறையின் யன்னலுக்குக் கீழே ஒருவர் விற்காமல் மிஞ்சிய கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் அம்மாவின் இலக்கம். பேசியது பக்கத்து வீட்டு லவீனா அக்கா.

"ஷெரோன், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை. நீ நேரை வீட்டை வா."

ஆஸ்பத்திரிக்கு வா என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் சைக்கிள் தலைகீழாக நின்றது. இருக்கையும் கைபிடியும் மண்ணில் ஊன்றியிருக்க, சில்லுகள் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிப் போனார்கள். ஒருவரும் நிமிர்த்தவில்லை. அப்பாவின் அக்கா றீற்றா மாமி மட்டும் வாசல் படலையைத் தாண்டியதும் அதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"உந்தச் சைக்கிள்தான் என்ரை தம்பியைக் கொண்டது! நெஞ்சுவருத்தக்காரனைச் சேத்துக்கை உழக்க விட்டால் வேறை என்ன நடக்கும்?"

அந்தச் சொல் செத்தவீடு முழுவதும் எங்களோடு இருந்தது. அப்பாவைச் சேமக்காலைக்குக் கொண்டு போகும்போதும், மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்து கால் கழுவும்போதும் இருந்தது. முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரில் அப்பா பிறந்த ஊர், பெற்றோர், திருமணம், அந்தோனியார் கோயிலுக்குச் செய்த தொண்டு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. சைக்கிளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவருடைய கடைசி மூன்று மாரிகாலங்களும் அந்தச் சைக்கிளின் மேல்தான் கழிந்தன.

அப்பாவின் பெயர் ஜெறோம். யாழ்ப்பாண நகரத்துக்கு மேற்கே பரவைக்கடல் ஓரத்தில் எங்கள் வீடு. பரவைக்கடலுக்கு அலையும் இல்லை, ஆழமும் இல்லை. பெருக்கு நேரத்தில் வள்ளங்கள் றோட்டுக்குக் கிட்டவே வந்து நிற்கும். வற்று நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அப்போது வள்ளத்துக்கும் றோட்டுக்கும் நடுவில் இருப்பது சேறு. கறுத்த, வழுவழுப்பான, அழுகிய சாதாழைக் கடற்புல் மணக்கிற சேறு. கால் வைத்தால் கணுக்கால் வரை போகும். மழை பெய்திருந்தால் முழங்கால் வரை போகும்.

நண்டுவலைக்குப் போன வள்ளங்கள் விடியற்காலையில் வரும். நண்டு வாங்கும் கொம்பனியின் வான் வண்டி றோட்டில் நிற்கும், சேற்றுக்குள் இறங்காது. நண்டு உயிரோடு வானுக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் நண்டு சோர்ந்துவிடும், சோர்ந்ததை அவர்கள் எடுக்கமாட்டார்கள். அதனால் வற்று நாட்களில், இரவெல்லாம் கடலில் நின்ற மனிதர்களே கூடைகளைத் தோளில் வைத்துக்கொண்டு சேற்றை உழக்கி வருவார்கள். அப்பாவும் அப்படி வந்தவர்தான். ஒரு நாள் கூடையோடு றோட்டோரத்தில் குந்தினார். பிறகு எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு வைத்தியம் முடிந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னார்: கடலுக்குப் போகக்கூடாது, கயிறு இழுக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. மெதுவாக நடக்கலாம், மூச்சு வாங்காத அளவுக்குச் சைக்கிள் ஓடலாம். அம்மாவின் காதில் முதல் மூன்றும் விழுந்தன. அப்பாவின் காதில் கடைசி ஒன்று விழுந்தது.

வீட்டில் இருந்த அப்பாவை எங்களுக்குத் தெரியாது. அந்த மனிதர் புதியவர். வள்ளம் வரும் நேரத்துக்கு எழும்பி, போக இடமில்லாமல், குசினிக்குள் வந்து நின்றார். கறிக்கு உப்புக் காணாது என்றார். அரிசியில் கல் இருக்கிறது என்றார். அம்மா ஒரு நாள் அகப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் இருந்தார்.

"நீங்களே சமையுங்கோ. நான் போய் வள்ளம் தள்ளுறன்."

கரைக்குப் போனாலும் அதே கதைதான். வலைக் குவியலில் ஏறி இருந்து எல்லாருக்கும் யோசனை சொன்னார். எங்கள் கரையின் சம்மாட்டி செபநாயகம், சொந்தமாக வள்ளங்கள் வைத்திருப்பவர், அப்பாவை விட வயதில் மூத்தவர், பகிடிக்காரர். "ஜெறோம், கோவிக்காதை. நீ குந்தியிருக்கிற வலையைத்தான் எனக்கு இப்ப எடுக்கவேணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவர் கரைப்பக்கம் போகவில்லை. அம்மாவுக்கு அதுவும் பயமாக இருந்தது. "கடல் கொண்டுபோனால் ஒருக்காத்தான் கொண்டுபோகும். உவர் கதிரையிலை இருந்து கொஞ்சம் கொஞ்சமாப் போறார்" என்று என்னிடம் சொன்னார்.

அந்த ஆண்டில்தான் நாடு முழுவதும் பெற்றோல் இல்லாமல் போனது. அம்மாவின் தம்பி கொலின்ஸ் மாமா அந்தோனியார் திருநாளுக்குப் பிரான்ஸிலிருந்து வந்திருந்தார். ஓட்டோவும் இல்லை, மோட்டார்ச் சைக்கிளும் இல்லை. ரவுணுக்குப் போய் ஒரு மவுண்டன் சைக்கிள் வாங்கி வந்தார். கடையில் இருந்ததிலேயே அகலமான ரயர். மூன்று விரலை ஒட்டிவைத்தாலும் அதற்கு மேலும் இடம் இருக்கும். மேற்பரப்பு முழுவதும் பனங்கொட்டை நறுக்குகளைப் போலத் தடித்த ரப்பர்க் கட்டைகள். எங்கள் ஒழுங்கையில் அது போனால் தார் றோட்டில் தேனீக் கூட்டம் போகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும்.

மாமா திரும்பிப் போகும்போது, "அத்தான், உதை வித்துப்போடாதேங்கோ. வாற வருசம் வரேக்கை எனக்கு வேணும்" என்றார்.

"நீ வாறதுக்கிடையிலை நான் அதிலை பிரான்ஸுக்கு வந்திடுவன்" என்றார் அப்பா.

அடுத்த நாள் அவர் ரயரின் அகலத்தைக் கையால் அளந்துகொண்டு நெடுநேரம் குந்தியிருந்ததை அம்மா கண்டார். "கண்டியே லூர்த்து, அடி தட்டையான வள்ளம் முழங்கால் தண்ணியிலையும் போகும். அடி கூரான வள்ளம் தட்டி நிண்டிடும்" என்றாராம். எதற்காகச் சொன்னார் என்று அம்மாவுக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்கியது சைக்கிளை அவர் அலங்கரிக்கத் தொடங்கியபோது. எங்கள் ஊரில் சைக்கிள் என்றால் அதற்குக் கரியர் இருக்கவேண்டும், ஸ்ராண்ட் இருக்கவேண்டும், மணி இருக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சில்லுகளின் மேல் சேறு தெறிக்காமல் தடுக்க இரண்டு மட்காட் இருக்கவேண்டும். மட்காட் இல்லாத சைக்கிளில் வருபவன் சேட்டுப் போடாமல் பூசைக்கு வந்தவனுக்குச் சமம். மாமாவின் சைக்கிளில் இவை ஒன்றுமே இல்லை. அப்பா தன் பழைய பெரிய சைக்கிளின் இரும்பு மட்காட்டுகளைக் கழற்றி, இரும்பு ஒட்டும் கடையில் கொடுத்து அகலமாகத் தட்டுவித்து, அந்தக் கொழுத்த ரயரின் மேல் ஒரு விரல்கூட நுழையாதபடி நெருக்கமாகப் பூட்டினார். பிறகு காற்று. இங்கே ஒருவருடைய சைக்கிளைக் கண்டால் பெருவிரலால் ரயரை அழுத்திப் பார்ப்பது வழக்கம். விரல் உள்ளே போனால் சைக்கிள்காரன் சோம்பேறி. அப்பா கல்லுப்போல வரவேண்டுமென்று அடித்தார். மூச்சு வாங்குகிறது என்று அம்மா பம்மைப் பறித்து மிச்சத்தை அடித்தார்.

மறுநாள் விடிய அப்பா கரையில் நின்றார்.

"அண்ணை, கூடையை இனி ஒருத்தரும் தோளிலை காவத் தேவையில்லை. நான் கொண்டு போறன்."

செபநாயகம் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். பெருவிரலால் ரயரை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். "காத்து நல்லாத்தான் கிடக்கு. எருமைக்கு மணி கட்டின மாதிரி இருக்கு. சரி, ஒருக்கா ஓடிக் காட்டு பாப்பம்."

கரியரில் இரண்டு கூடை நண்டு கட்டினார்கள். சேற்றின் முதல் பகுதியில் சைக்கிள் போனது. இறுகிய ரயர் அகலமாக இருந்தும் அடியின் நடுக்கோட்டில்தான் நின்றது. மெல்லிய ரயரைப் போலவே புதைந்தது. புதைந்து சுழன்ற சில்லு சேற்றை அள்ளி மேலே கொண்டு போனது. மேலே போன சேற்றுக்கு விழ இடமில்லை, மட்காட்டுக்குள் அடைந்தது. நடுச் சேற்றில், றோட்டும் தூரம் வள்ளமும் தூரம் என்ற இடத்தில், இரண்டு சில்லும் கட்டிபட்டு நின்றன. அப்பா மிதிக்க மிதிக்கச் சங்கிலி கத்தியது. பிறகு சைக்கிள் மெதுவாக, மாடு படுக்கிற மாதிரி, ஒரு பக்கமாகச் சரிந்தது.

நண்டுகள் நாலு திசைக்கும் போயின. ஒன்று அப்பாவின் காற்சட்டை நுனியைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

"ஜெறோமண்ணை, நாங்கள் வலை போட்டு நண்டு பிடிக்கிறம். நீங்கள் காற்சட்டை போட்டுப் பிடிக்கிறியள்!"

வள்ளத்துப் பொடியன் ஒருவன் கத்தினான். கரை முழுவதும் சிரிப்பு. அப்பா மட்டும் சைக்கிளைத் தள்ளப் பார்த்தார். சேறு அப்பிய சைக்கிள் கன்றுக்குட்டியின் பாரம் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டே றோட்டு வரைக்கும் வந்தார்; ஒருவரையும் தொட விடவில்லை. வீட்டுக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. அம்மா நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையைக் கொடுத்துவிட்டு, அவர் காற்சட்டையைப் பார்த்தார். தொடை வரைக்கும் சேறு.

"தள்ளியிருக்கிறியள்."

"கொஞ்சத் தூரம்."

"இது கொஞ்சத் தூரத்துச் சேறே? கடலிலை போகாத உயிரைக் கரையிலை விடப் போறியளோ? இனி ஒருக்கா இப்பிடி வந்தால் நான் என்ரை தமையன் வீட்டை போயிடுவன்."

அப்பா அந்தச் சைக்கிளைக் கழுவி, ஈர்க்கால் குத்திக் குத்திச் சேற்றை எடுத்து, மட்காட் இரண்டையும் கழற்றி வேலிக் கதியால் தடியில் கொழுவினார். வெட்கம் தெளியும் வரை ஒழுங்கைக்குள் ஓடினார். அப்படி ஓடியதில் பின் ரயரில் உடைமுள் ஏறியது. சின்ன ஓட்டை, காற்று மெல்ல மெல்லப் போகும். ஒட்டுவோம் ஒட்டுவோம் என்று விட்டு வைத்திருந்தார்.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த காலை. வற்று. வள்ளங்கள் வழமையை விடத் தூரத்தில் தட்டி நின்றன. ஆட்கள் கூடையோடு முழங்கால் அளவில் புதைந்து நின்று கால் இழுபடாமல் கத்துகிறார்கள். றோட்டில் வான்காரர் ஹோர்ன் அடிக்கிறார். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அப்பா சைக்கிளை எடுத்தார். முன் ரயருக்குப் பல நாளாகக் காற்று அடிக்காததாலோ, அவசரத்தில் வால்வைத் தட்டியதாலோ, அதிலும் காற்றுக் குறைவு. பின் ரயர் சப்பையாகவே இருந்தது. பம் அடிக்க நேரமில்லை. அம்மா கிணற்றடியில் நின்றதால் காணவில்லை.

சப்பை ரயர் சேற்றில் பரந்து படுத்தது. அகலத்தின் வேலை அப்போதுதான் தொடங்கியது. கட்டைகள் சேற்றைக் கவ்வின, சில்லு சுழன்றபோது கவ்வியதை எறிந்தன. மேலே மட்காட் இல்லாததால் எறிந்தது போய்விட்டது. போன இடம் அப்பாவின் முதுகு. அவர் வள்ளம் வரைக்கும் போய், ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு, திரும்பி வான் வரைக்கும் வந்தார். காலை ஊன்றவில்லை. மூச்சு வாங்கவில்லை. மறுபடியும் போனார்.

செபநாயகம் ஓடி வந்து பெருவிரலால் ரயரை அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"டேய், காத்துப் போன ரயரடா உது!"

"ஓம் அண்ணை. காத்துப் போனதாலைதான் நான் போறன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரை அம்மா படலையிலேயே மறித்தார். முன்னால் பார்த்தார், முழங்காலுக்குக் கீழே சில புள்ளிகள், அவ்வளவுதான். பின்னால் திருப்பிப் பார்த்தார். இடுப்பிலிருந்து கழுத்துக் கொலர் வரைக்கும் சேட்டில் நேராக ஒரு கறுத்தக் கோடு, யாரோ தும்புத்தடியால் ஒரே இழுப்பில் கீறியது போல. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னார்: "சரி. முதுகிலை கோடு இருந்தால் போகலாம். காலிலை சேறு இருந்தால் நிப்பாட்டவேணும். இதுதான் கதை."

அதுதான் அவர்களுடைய ஒப்பந்தம். மிதித்தால் கோடு, தள்ளினால் சேறு. ஒவ்வொரு நாளும் அப்பா வந்து படலையில் ஒரு முறை சுழன்று காட்டுவார், கலியாணச் சேலை உடுத்த பொம்பிளை மாதிரி. அம்மா தலையாட்டினால்தான் உள்ளே வரலாம். அந்தக் கோட்டைத் தோய்த்துப் போக்குவது பெரும்பாடு. அம்மா முறைப்பாடு சொல்லியபடியே சவர்க்காரம் போட்டு உரஞ்சுவார். கோடு இல்லாமல் வந்தால்தான் அவர் முகம் மாறும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மா அந்தச் சைக்கிளின் கரியரில்தான் போவார். வெள்ளைச் சேலை. முதுகில் கோடு விழுந்தால் கோயிலில் என்ன சொல்வார்கள்? தவிர, சப்பை ரயர் தார் றோட்டில் இழுக்கும். இரண்டு பேர் ஏறினால் விளிம்பு தட்டும். எனவே அப்பா பின் ரயரின் ஓட்டையை ஒட்டினார். சனிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, முதலில் முன் மட்காட்டைப் பூட்டி முன் ரயருக்குக் காற்று அடிப்பார். பிறகு பின்னதைப் பூட்டிப் பின் ரயருக்கு அடிப்பார். கொஞ்சம் அடிப்பார், கொஞ்சம் இருப்பார், மிச்சத்தை அம்மா அடிப்பார். திங்கட்கிழமை விடிய எல்லாவற்றையும் கழற்றி, வால்வைக் குத்திக் காற்றை விடுவார். ஞாயிற்றுக்கிழமைக் காத்து, திங்கட்கிழமைக் காத்து என்று இரண்டு பெயர் வைத்திருந்தார். கரையில் யாராவது நிறையக் கதைத்தால், "உவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காத்து ஏறிட்டுது, கொஞ்சம் விடவேணும்" என்று சொல்வது பழக்கமாகிவிட்டது.

அகலமான ரயர் எல்லாச் சேற்றுக்கும் சரிவராது என்பதையும் அவர் போகப்போகக் கண்டுகொண்டார். றோட்டுக்குக் கிட்டச் சேறு ஆழமில்லை, விரற்கடை அளவுதான், அடியில் இறுகிய தரை. அந்த இடத்தில் அகல ரயர் மேலேயே வழுக்கித் திரியும், தரையைத் தொடாது. பழைய சைக்கிளின் மெல்லிய ரயர் அதை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடித்துவிடும். அந்தத் துண்டில் இறங்காமல் மெதுவாக மிதித்துக்கொண்டு வருவார். ஆழச் சேற்றில்தான் அகல ரயர் ராசா.

ஒரு முறை என் சிநேகிதி உதயகலாவின் வீட்டுக்கு நண்டு கொண்டு உடுவிலுக்குப் போனார். மழை விட்ட நாள். நல்ல றோட்டு இருக்க, குறுக்கால் போகலாமென்று தோட்டத்துப் பாதையில் இறங்கினார். செம்மண். எங்கள் கடற்சேறு எறிந்தால் போய்விடும், செம்மண் போகாது. கட்டைக்கு இடையில் பிடித்து, அதன் மேல் இன்னொரு படை பிடித்து, கல்லும் புல்லும் சேர்ந்து, சில்லு மண் உருண்டையாகி நின்றுவிட்டது. உதயகலாவின் அப்பா சீவரத்தினம் வெங்காயத் தோட்டத்துக்குள் நின்றவர், மண்வெட்டியோடு வந்து வழித்துவிட்டார்.

"தம்பி, உது எங்கடை மண். ஒருக்காப் பிடிச்சால் விடாது. கலியாணம் மாதிரி. கூடைக்குள்ளை என்ன?"

"நண்டு, ஐயா. பிள்ளையின்ரை சிநேகிதிக்கு."

சீவரத்தினம் வானத்தைப் பார்த்தார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லோ!"

அப்பாவுக்கு அது நினைவே இல்லை. எங்களுக்கு வெள்ளி என்றால் இறைச்சி இல்லை, அதனால் மீனும் நண்டும். அவர்களுக்கு வெள்ளி என்றால் எல்லாமே மரக்கறி. கடைசியில் நண்டுகளை மாட்டுக் கொட்டிலில் ஒரு பெரிய சட்டிக்குள் ஈரச் சாக்குப் போட்டு மூடிச் சனிக்கிழமை வரை வைத்தார்கள். இரவெல்லாம் அவை சுரண்டிய சத்தத்தில் மாடு படுக்கவில்லையாம். அப்பா ஒரு பூசணிக்காயோடு திரும்பி வந்தார். றோட்டால்.

அடுத்த அந்தோனியார் திருநாளில், கரையில் வள்ளங்களை நிரையாக நிறுத்திப் பாதர் ஆசீர்வதித்துக்கொண்டு வந்தபோது, கடைசியில் அப்பா தன் சைக்கிளோடு நின்றார். கைபிடியில் பூமாலை.

"ஜெறோம், இது என்ன?"

"சேத்து வள்ளம், பாதர்."

"எஞ்சின் எங்கை?"

அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "பழசுதான். திருத்தி ஓடுறம்."

பாதர் சிரித்துக்கொண்டே தீர்த்தம் தெளித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் கரியரில் இருந்துகொண்டு அப்பாவின் முதுகில் கை வைத்திருந்ததை நான் பின்னால் நடந்து வந்தபோது கண்டேன்.

அப்படி மூன்று மாரிகள். வற்று நாட்களில் வள்ளக்காரர் கரையை நோக்கிக் கத்துகிற முதல் கேள்வி, "ஜெறோமண்ணை வந்திட்டாரோ?" என்பதுதான். அது எங்கள் வீட்டுக்கும் கேட்கும். அந்தக் கேள்வி கேட்கும் வரைக்கும் அப்பா வேண்டுமென்றே படலைக்குள் நிற்பார். கேட்ட பிறகுதான் போவார்.

அந்தச் சனிக்கிழமையும் காலையில் போனார், வந்தார், சுழன்று காட்டினார், குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். பின்னேரம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். அம்மா பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தபோது அவர் கதியாலில் சாய்ந்து இருந்தார். களைப்பாறுகிறார் என்று நினைத்து அம்மா கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோழிகளை அடைக்கப் போனார். திரும்பி வந்தபோது தேநீர் அப்படியே இருந்தது.

சேமக்காலையால் வந்த அன்று பின்னேரம் றீற்றா மாமி மறுபடியும் சொன்னார். "அந்தச் சைக்கிளைக் கொண்டுபோய்க் கடலுக்கை எறியுங்கோ. சேத்திலை தள்ளித் தள்ளித்தான் என்ரை தம்பியின்ரை நெஞ்சு வெடிச்சது." செபநாயகம் முற்றத்தில் தலை குனிந்து இருந்தார். அவருக்குக் கூடை காவிய நெஞ்சுதான் அது.

அம்மா எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வந்தபோது கையில் தோய்க்காத உடுப்பு. சனிக்கிழமை காலை அப்பா கழற்றிப் போட்டது. முதலில் காற்சட்டையை விரித்துக் காட்டினார். முழங்கால் சுத்தம், கீழே சில புள்ளிகள். பிறகு சேட்டை விரித்தார். காய்ந்து சாம்பல் நிறமாகிப்போன கோடு, இடுப்பிலிருந்து கொலர் வரைக்கும்.

"பாருங்கோ மச்சாள். தள்ளேல்லை. ஓடித்தான் வந்தவர்."

மாமி சேட்டை வாங்கி மடியில் விரித்தார். ஒரு விரலால் கோட்டின் மேல் கீழிருந்து மேலே தடவினார். சேறு பொடியாக உதிர்ந்தது.

"அண்டைக்குக் காலே ஊண்டேல்லை அக்கா" என்றார் செபநாயகம், தலையை நிமிர்த்தாமல். "பாட்டுப் பாடிக்கொண்டு போனான். வாயை மூடிக்கொண்டு ஓடடா, மூச்சுப் போகுமெண்டு நான்தான் கத்தினனான்."

"அவன் எப்பவும் பிழையாத்தான் பாடுவான்" என்றார் மாமி. பிறகு, "கோடு நேராத்தான் கிடக்கு" என்றார். சேட்டை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். வெயில் போய்விட்டதால் அம்மா அதைத் தோய்க்க வைக்காமல் உள்ளே கொண்டு போனார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அம்மா நடந்தே போனார். கொலின்ஸ் மாமா தொலைபேசியில், சைக்கிள் இனித் தனக்கு வேண்டாம், யாருக்கென்றாலும் கொடுங்கள் என்றார். செபநாயகமும் தயங்கித் தயங்கிக் கேட்டார். மாரி வருகிறது, ஓடக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றார். அம்மா ஓம் என்றுதான் சொன்னார். ஆனால் அது அப்படியே நிற்கும்போது எப்படிக் கொடுப்பது என்று என்னிடம் கேட்டார்.

சைக்கிள் இன்னும் முற்றத்தில் தலைகீழாகத்தான் நிற்கிறது. முன் மட்காட் பூட்டியிருக்கிறது. முன் ரயரில் பெருவிரல் போகாது. பின் மட்காட் கதியாலில் சாய்ந்திருக்கிறது, அதன் நட்டுகள் பிளேன்ரீக் கோப்பையின் தட்டில் கிடக்கின்றன. பின் ரயருக்கு இன்னும் காற்று அடிக்கவில்லை.